முடுக்கிய தகட்டின் பின்னால் சுழல் ஒழுங்காக வரவில்லையா? அறிகுறி வாரியாகப் பார்ப்போம்

அசையாத நீரில் ஒரு மெல்லிய தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் அகலமான முகம் முன்னால் போகும்படி ஓய்விலிருந்து முடுக்கினால், இரண்டு விளிம்புகளுக்கும் பின்னால் ஆளுக்கொரு சுழல் சுருண்டு வளர வேண்டும். புத்தகத்தில் படம் அவ்வளவு சுத்தமாக இருக்கும். தொட்டியில் வராது. திருநெல்வேலி, வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கத்துக் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதை எடுக்கிற பிள்ளைகள் நிறைய, ஏனென்றால் மூன்றடி மீன்தொட்டி, ஒரு ஸ்டெப்பர் மோட்டார், ஒரு போன், கொஞ்சம் சாயம் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். 1904இல் எல்லை அடுக்கை, அதாவது திடப்பொருளை ஒட்டி மெதுவாகும் மெல்லிய நீரடுக்கைப் பற்றிப் பேசிய ஜெர்மன் விஞ்ஞானி பிராண்டில், கையால் சுற்றும் நீர்த்தொட்டியில் அபிரகத் தூளைத் தூவித்தான் ஓட்டத்தைப் பார்த்தார், அதனால் உங்கள் ஏற்பாடு சின்னது என்று கவலைப்பட வேண்டாம்.

கீழே வரும் கணக்குகளுக்கு ஒரே ஏற்பாட்டை எடுத்துக்கொள்கிறேன். தொட்டி 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். தகடு 5 செ.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன், நீருக்குள் 30 செ.மீ. ஆழம். முடுக்கம் விநாடிக்கு விநாடி 1 செ.மீ., உச்ச வேகம் விநாடிக்கு 2 செ.மீ. உங்களுடையது வேறாக இருந்தால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுழல் கோணலாக வந்தால் எல்லோரும் நீரைத்தான் சந்தேகப்படுகிறார்கள், சாயத்தை மாற்றுகிறார்கள், தொட்டியைக் கழுவுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு தகடு கிளம்பிய விதத்தில் இருக்கிறது. மோட்டாருக்கு நீங்கள் கொடுத்த உத்தரவு வேறு, தகடு உண்மையில் நகர்ந்தது வேறு. எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை இதுதான்: தகட்டைத் தாங்கி நகரும் வண்டியில் ஒரு புள்ளி ஒட்டி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, போனில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் பிடித்து, தூரம்–நேரம் வரைபடம் போடுங்கள். அதோடு தெர்மாமீட்டரை நீருக்குள் விட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். நீரின் இயக்கப் பாகுநிலை (பாகுநிலையை அடர்த்தியால் வகுத்தது) 20 டிகிரியில் விநாடிக்கு 1.00 சதுர மி.மீ., 30இல் 0.80, 35இல் 0.72. புத்தகத்தில் இருக்கிற 20 டிகிரி எண்ணை அப்படியே எடுத்து நம்ம ஊர் கத்திரி வெயிலில் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் வேகமும் அளவும் பாகுநிலையை எவ்வளவு மிஞ்சுகின்றன என்று சொல்லும் எண்) போட்டால் கால் பங்குக்கு மேல் தப்பும்.

சாயம் விளிம்பில் தேங்கி நிற்கிறது, சுருளவே மாட்டேன் என்கிறது

நீரில் இது நடந்தால் தகடு போதுமான தூரம் போகவில்லை, அல்லது சாயம் விளிம்பில் இல்லாமல் தகட்டின் நடுவில் இருக்கிறது. சுழலுக்குள் போகிறதெல்லாம் விளிம்பை உரசிப் போகிற மெல்லிய அடுக்குதான், அதனால் சாயத்தை விளிம்பிலேயே தடவுங்கள். சரியாகிவிடும்.

நீருக்குப் பதில் கிளிசரின் நிரப்பிய தொட்டியில் நடந்தால் கதை வேறு. தகடு கிளம்பிய உடனே விளிம்பில் இரண்டு நீளங்களுக்குள் போட்டி. ஒன்று பாகுநிலையால் பரவும் அடுக்கின் தடிமன், இது நேரத்தின் வர்க்கமூலம் போல வளரும். இன்னொன்று சுழலின் அளவு. தகடு சட்டென்று முழு வேகத்தில் கிளம்பினால் சுழல் நேரத்தின் 2/3 அடுக்காக (பவராக) வளரும், சீரான முடுக்கத்தில் கிளம்பினால் 4/3 அடுக்காக. ஆக முடுக்கத்தில் கிளம்பும் தகட்டுக்குப் பின்னால் சுழல் ஆரம்பத்தில் ரொம்பச் சோம்பேறி, பரவும் அடுக்கு அதை மூடிக்கொண்டு நிற்கிறது. பரவும் அடுக்கைச் சுழல் எப்போது முந்தும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. அகலத்தை முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஒரு நேர அளவு வரும், நம் தகட்டுக்கு 2.2 விநாடி. முடுக்கத்தையும் அகலத்தையும் வைத்தே ஒரு ரெனால்ட்ஸ் எண் போடலாம்: முடுக்கத்தை அகலத்தின் கனத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இயக்கப் பாகுநிலையால் வகுக்க வேண்டும். முந்தும் நேரம், அந்த நேர அளவை இந்த எண்ணின் 3/5 அடுக்கால் வகுத்தது.

30 டிகிரி நீரில் அந்த எண் 1400 கிட்ட வரும், முந்தும் நேரம் 0.03 விநாடி, கண்ணுக்கே தெரியாது. சுத்தமான கிளிசரினில் அதே 30 டிகிரியில் எண் வெறும் 2.3, முந்தும் நேரம் 1.3 விநாடிக்கு மேல். தகடு முழு வேகத்துக்கு வரவே 2 விநாடிதான், அதில் பாதிக்கு மேல் சுழலுக்குப் பதில் ஒரு மங்கலைத்தான் பார்ப்பீர்கள். இது இயல்பு, கோளாறு இல்லை. சுருளைப் பார்க்க ஆசைப்பட்டால் கிளிசரினில் தண்ணீர் கலக்குங்கள். 20 டிகிரியில் சுத்தமான கிளிசரினின் பாகுநிலை 1410 மில்லிபாஸ்கல் விநாடி, எடையில் 10 சதவீதம் தண்ணீர் சேர்த்தாலே 219க்கு இறங்கிவிடும்.

அதே காரணத்தால் இன்னொரு தொல்லையும் வரும்: போன வாரம் வராத சுழல் இந்த வாரம் வருகிறது, ஏற்பாட்டில் யாரும் எதையும் தொடவில்லை. கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஆனி, ஆடிச் சாரல் அடிக்கிற நாட்களில் திறந்து வைத்த தொட்டி தானாகவே நீர்த்துப் போகும். மூடி வையுங்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஒரு சின்ன எஃகுக் குண்டைப் போட்டு அது விழும் நேரத்தைப் பாருங்கள். நேரம் மாறினால் பாகுநிலை மாறிவிட்டது.

சாயம் தானாகக் கீழே வழிகிறது, அல்லது மேலே ஏறுகிறது

அடர்த்தி ஒத்துப்போகவில்லை. தொட்டியில் எந்தத் தண்ணீர், சாயம் எந்தத் தண்ணீரில் கரைத்தது என்று பாருங்கள். பாளையில் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரில் சாயம் கரைத்து, திசையன்விளைப் பக்கத்து உப்பு போர் தண்ணீர் நிரம்பிய தொட்டியில் விட்டால் சாயம் மிதக்கத்தான் செய்யும். சாயத்தைத் தொட்டித் தண்ணீரிலேயே கரையுங்கள், கரைத்த பாட்டிலைத் தொட்டிக்குள்ளேயே கொஞ்ச நேரம் முக்கி வையுங்கள், வெப்பநிலையும் ஒன்றாகிவிடும். கேசரிக் கலர் போன்றவை அழுத்தமாகக் கரைத்தால் கனம், கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் சொட்டிச் சரிக்கட்டலாம். சாயத்தில் பால் சேர்த்தால் கோடு கலையாமல் நிற்கும், இது நீர்ச்சுரங்க ஆய்வகங்களில் பழைய வழக்கம். ஆனால் நம்ம வெயிலில் மறுநாள் காலை லேபுக்குள் யாரும் நுழைய முடியாது, அன்றே வடித்துவிடுங்கள்.

ஒரு பக்கச் சுழல் பெரிசு, மறுபக்கம் சிறிசு

இதுதான் அடிக்கடி வருகிற புகார். "அண்ணே, வலது பக்கம் மட்டும் பெருசா வருது, கேமராவ மாத்திப் பாத்துட்டோம்" என்று போன் வரும். கேமராவுக்கு இதில் வேலையே இல்லை.

முதலில் எதிர்பார்ப்பைச் சரி செய்துகொள்வோம். நெல்லையில் தாமிரபரணி மேல் உள்ள சுலோசன முதலியார் பாலத் தூண்களுக்குப் பின்னால் இடமும் வலமும் மாறி மாறிக் கழன்று போகிற சுழல், நீண்ட நேரம் ஓடிக்கொண்டே இருக்கிற ஓட்டத்தில் வருவது. ஓய்விலிருந்து கிளம்பிய தகட்டில் முதல் சில அகலத் தூரத்துக்கு இரண்டு சுழலும் ஜோடியாக, கண்ணாடியில் பார்த்தது போல இருக்க வேண்டும். அந்தத் தூரத்துக்குள்ளேயே சமமின்மை தெரிந்தால் ஏதோ ஒன்று இரண்டு பக்கத்தையும் வேறுபடுத்துகிறது.

எது என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனை. தகட்டைக் கழற்றி, தலைகீழாக மாட்டுங்கள், அதாவது இடது விளிம்பு வலது பக்கம் போகட்டும். பெரிய சுழல் விளிம்போடு கூடவே இடம் மாறினால் தகட்டின் விளிம்பில்தான் பிரச்சினை. வெட்டிக் கொடுத்த பட்டறையில் ஷீயரிங் மெஷின் ஒரு ஓரத்தில் பிசிறு விட்டிருக்கும், விரல் நகத்தை ஓட்டினால் தடுக்கும். நைஸ் உப்புத்தாளை ஒரு தட்டையான மரக்கட்டையில் சுற்றி இரண்டு விளிம்பையும் ஒரே மாதிரி தேயுங்கள், ஒன்றை மட்டும் தேய்த்துக் கூர்மையாக்கினால் அது இன்னொரு சமமின்மை.

தலைகீழாக மாட்டியும் பெரிய சுழல் தொட்டியின் அதே பக்கத்தில் நின்றால், இப்போது எதிர்த்திசையில் ஓட்டுங்கள். பெரிய சுழல் தொட்டியின் மறுபக்கத்துக்குப் போனால் தகடு ஓட்டத்திசைக்குச் செங்குத்தாக இல்லை, ஒரு விளிம்பு முந்திப் போகிறது; திரும்பி வரும்போது மற்ற விளிம்பு முந்தும், அதனால்தான் பக்கம் மாறுகிறது. மூலைமட்டம் வைத்துத் திருத்துங்கள். திசையை மாற்றியும் பெரிய சுழல் அசையாமல் அதே பக்கம் இருந்தால், தகட்டை விடுங்கள், தொட்டியைப் பாருங்கள்: தகடு ஒரு சுவரை ஒட்டிப் போகிறதா, ஒரு பக்கக் கண்ணாடியில் மேற்கு வெயில் விழுகிறதா, மேலே ஃபேன் சுற்றுகிறதா. தொட்டித் தண்ணீரில் வெப்பத்தால் வரும் ஓட்டம் விநாடிக்கு ஒரு மி.மீ. இருந்தாலே, தகடு இன்னும் 3, 4 மி.மீ. வேகத்தில் இருக்கிற ஆரம்ப நேரத்தில் அது பெரிய தலையீடு. இந்த வகைச் சோதனையை விடியற்காலையில் செய்வது நல்லது. மதியம் இரண்டு மணிக்குச் செய்து எதையும் முடிவு பண்ணாதீர்கள்.

இன்னொன்று, முந்தைய ஓட்டத்தின் மிச்சம். ஒரு சுழல் பாகுநிலையால் மட்டும் கரைந்து போக எவ்வளவு நேரம் என்பதற்கு அகலத்தின் வர்க்கத்தைப் பாகுநிலையால் வகுங்கள், 5 செ.மீ. சுழலுக்கு 3100 விநாடி, கிட்டத்தட்ட 52 நிமிஷம். நடைமுறையில் சீக்கிரமே அடங்கிவிடும், இருந்தாலும் ஒரு டீ குடித்துவிட்டு வந்து அடுத்த ஓட்டம் போடுவதெல்லாம் சரிவராது. ஒரு சொட்டுச் சாயத்தை நடுத்தொட்டியில் விட்டுப் பாருங்கள், அது நேராக நூல் போல இறங்கி அப்படியே நின்றால் ஓட்டலாம்.

வளர்ச்சி வேகம் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை, லாக் வரைபடத்தில் சரிவு தப்பாக வருகிறது

சுழலின் அளவையும் நேரத்தையும் லாக் அச்சுகளில் போட்டால் வரும் சரிவுதான் அந்த அடுக்கு. சீரான முடுக்கத்துக்கு 4/3 எதிர்பார்த்தீர்கள், ஆரம்பத்தில் 2 வருகிறது, அப்புறம் 1.5, அப்புறம் குறைந்துகொண்டே போகிறது. இதற்குக் காரணம் பெல்ட்டின் தொய்வு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

கணக்கைப் பாருங்கள். முடுக்கம் விநாடிக்கு விநாடி 1 செ.மீ. என்றால் முதல் 0.3 விநாடியில் நகர வேண்டிய தூரம் 0.45 மி.மீ. பெல்ட்டிலும் புல்லிப் பல்லிலும் சேர்த்து அரை மி.மீ. தொய்வு இருப்பது சர்வ சாதாரணம். ஆக மோட்டார் சுற்ற ஆரம்பித்து 0.3 விநாடி வரை தகடு சும்மா நிற்கிறது, அப்புறம் ஒரே அடியாக 3 மி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. நீங்கள் சீராக முடுக்கியதாக நினைக்கிறீர்கள், தகடோ முதலில் ஒரு உதை வாங்கிக்கொண்டு அப்புறம் முடுக்கத்தில் போகிறது. இந்த நிலையில் மோட்டாரின் நேரத்தை வைத்து லாக் வரைபடம் போட்டால் அரை விநாடியில் சரிவு 2 கிட்டவும், 1 விநாடியில் 1.5 கிட்டவும் காட்டும், சுழல் உண்மையில் எந்தத் தப்பும் செய்யாதபோதே.

தொய்வை எடுக்க எளிய வழி: ஓட்டத்துக்கு முன் வண்டியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய், போக வேண்டிய திசையிலேயே மிக மெதுவாக ஒரு மி.மீ. ஊர்ந்து வரச் செய்து நிறுத்துங்கள், தொய்வு முழுக்க அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். நீர் அடங்கும்வரை மோட்டாரை ஆஃப் செய்யாமல் பிடித்து வைத்திருங்கள், ஆஃப் செய்தால் பெல்ட் தளர்ந்து பழையபடி ஆகிவிடும். வண்டி ஓடும் கம்பியில் எண்ணெய் காய்ந்திருந்தால் ஒட்டி ஒட்டி விடும், அதையும் துடைத்துப் புதிதாகப் போடுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லித் தருவதில்லை. நேரத்தை விட்டுத்தள்ளிவிட்டு, தகடு போன தூரத்தை அச்சில் போடுங்கள். விளிம்புக்கு அருகே நீரின் வேகம் விளிம்பிலிருந்து உள்ள தொலைவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். சுழலின் வளர்ச்சி அந்த வேகத்தால் நடக்கிறது என்று வைத்துத் தொகையிட்டால், அளவின் 3/2 அடுக்கு, தகடு போன தூரத்துக்கு நேர்விகிதம் என்று வரும். அதாவது அளவு தூரத்தின் 2/3 அடுக்கு. உதைத்துக் கிளப்பினாலும் சரி, முடுக்கிக் கிளப்பினாலும் சரி, அடுக்கு ஒன்றுதான். முன்னால் நிற்கும் பெருக்கெண் மட்டும் கொஞ்சம் மாறும். நேரத்தில் பார்த்தபோது 2/3, 4/3 என்று இரண்டாகத் தெரிந்தது, தூரம் எப்படி நேரத்தோடு வளர்கிறது என்பதால் வந்த வேறுபாடு. சட்டென்று கிளம்பும் தகட்டுக்கு இந்த 2/3 அடுக்கைத் தனேடாவும் ஹோன்ஜியும் 1971இல் சோதனையிலேயே காட்டினார்கள். தூர அச்சில் போட்டும் சரிவு 2/3க்கு வரவில்லை என்றால்தான் நீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். அதிலும் தகடு தன் அகலத்தைத் தாண்டிய பிறகு உள்ள புள்ளிகளை விட்டுவிடுங்கள், அப்போது சுழல் தகட்டளவுக்கு வளர்ந்துவிடும், விளிம்புக் கணக்கு செல்லாது. தொட்டி குறுகலாக இருந்தாலும் சரிவு தப்பும். நம் ஏற்பாட்டில் தகடு தொட்டி அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு, பரவாயில்லை. ஓரடித் தொட்டியில் 10 செ.மீ. தகடு வைத்துவிட்டு ஏன் சுழல் வேகமாக வளர்கிறது என்று கேட்காதீர்கள்.

சுருளின் கையில் குட்டிக் குட்டிச் சுழல்கள் பாசிமணி கோத்தது போல வருகின்றன

இதைப் பார்த்ததும் சிலர் சோர்ந்து போவார்கள், சிலர் பெரிய கண்டுபிடிப்பு என்று துள்ளுவார்கள். இரண்டுக்கும் முன்னால் சோதித்துப் பாருங்கள், ஏனென்றால் இது உண்மையாகவும் இருக்கலாம், மோட்டாரின் நடுக்கமாகவும் இருக்கலாம்.

உண்மைப் பக்கம்: காற்றில் ஓய்விலிருந்து முடுக்கிய தகடுகளுக்குப் பின்னால் இந்த மணிகளை பியர்ஸ் 1961இல் படமெடுத்து வெளியிட்டார். 1996இல் கூமூட்சாகோஸும் ஷீல்ஸும் செய்த சிமுலேஷனில், சீராக முடுக்கிய தகட்டில் விளிம்பிலிருந்து பிரிகிற ஷியர் லேயர் (வேகம் சட்டென்று மாறும் மெல்லிய அடுக்கு) கெல்வின்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் வகை நிலையின்மையால், அதாவது வெவ்வேறு வேகத்தில் உரசும் ஓட்டங்களுக்கு இடையே அலை எழுந்து சுருள்வதால், அதே மாதிரி மணிகளாக உடைந்தது. சிமுலேஷனில் மோட்டார் கிடையாது.

நடுக்கப் பக்கம்: 2 மி.மீ. பல் இடைவெளியுள்ள ஜிடி2 பெல்ட், 20 பல் புல்லி, விநாடிக்கு 2 செ.மீ. வேகம். புல்லி விநாடிக்கு அரைச் சுற்று, பெல்ட் பல் விநாடிக்கு 10, சாதாரண 200 படி மோட்டாரின் முழுப்படி விநாடிக்கு 100. மணிகள் விளிம்பிலிருந்து எத்தனை முறை கிளம்புகின்றன என்று வீடியோவில் எண்ணுங்கள். விநாடிக்கு 10 என்று கச்சிதமாக வந்தால் அது பெல்ட் பல். அரை என்றால் புல்லி மையம் விலகியிருக்கிறது. முடுக்கத்தின்போது வேகத்தோடு நேர்விகிதமாக எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே தகடு போன தூரம் மாறாமல் 2 மி.மீ. ஆகவே இருந்தாலும் அதே முடிவுதான்.

தீர்ப்பு வேண்டுமென்றால் மோட்டாரையே கழற்றிவிடுங்கள். வண்டியில் மீன்பிடி நரம்பைக் கட்டி, தொட்டி ஓரத்தில் ஒரு பேரிங் மேல் போட்டு, நுனியில் எடை தொங்கவிடுங்கள். எடை விழும்போது வண்டி ஏறக்குறைய சீரான முடுக்கத்தில் கிளம்பும், பல்லும் படியும் இல்லை. மணிகள் காணாமல் போனால் மோட்டார்தான். இருந்தால், சந்தோஷமாக அளந்து எழுதுங்கள். எடை இழுப்பில் இன்னொரு லாபமும் உண்டு, மின்சாரம் போனாலும் வேலை நடக்கும்.

மேலிருந்து எடுத்த படத்தில் ஒன்று, பக்கவாட்டில் வேறொன்று

மேற்பரப்பில் தூசியும் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து ஒரு தோல் போல இருக்கும், அது நீரோடு சேர்ந்து அசையாது. தகட்டின் அடி நுனியிலும் ஒரு தனிச் சுழல் உண்டு, அது மேலே ஏறி வந்து கலக்கும். தகட்டுக்கும் தொட்டித் தரைக்கும் இடையே 2 மி.மீ.க்கு மேல் விடாதீர்கள், லேசர் பாயின்டர் முன்னால் ஒரு கண்ணாடிக் குச்சியை வைத்து விரித்து நடு ஆழத்தில் மட்டும் வெளிச்சம் போடுங்கள். லேசரைக் கண்ணில் படவிடக் கூடாது, கண்ணாடித் தொட்டியில் பட்டுத் திரும்பி வரும் கதிரும் சேர்த்துத்தான். மேற்பரப்பை ஒரு நியூஸ்பேப்பர் தாளை விரித்து இழுத்து எடுத்தால் படலம் அதோடு வந்துவிடும்.

விசையை அளக்கும் லோட் செல், தகடு கிளம்பும்போது ஒரு பெரிய முள் (திடீர் ஏற்றம்) காட்டுகிறது, அப்புறம் ஒன்றுமே இல்லை

முள்ளில் ஒரு பகுதி நியாயமானது. தகடு முடுக்கும்போது கூடவே நீரையும் முடுக்க வேண்டும், அந்தக் கூடுதல் நிறை தகட்டின் அகலத்தின் வர்க்கத்தை அடர்த்தியாலும் பையின் (π) கால்பங்காலும் பெருக்கி, ஆழத்தால் பெருக்கியது. நம் அலுமினியத் தகடு 40 கிராம்தான், ஆனால் அது இழுத்துக்கொண்டு போகிற நீர் 590 கிராம். இருந்தாலும் முடுக்கம் சின்னது, விசை 6 மில்லிநியூட்டன், அதாவது அரை கிராம் எடைக்குச் சற்று மேல். முழு வேகத்தில் வரும் இழுவையும் அதே அளவுதான், இழுவைக் கெழு 2 என்று வைத்தால். 5 கிலோ லோட் செல்லை வாங்கி மாட்டிவிட்டு இதைத் தேடினால் கிடைக்காது. 100 கிராம் செல் வாங்குங்கள். செல்லை வாசிக்கும் எச்எக்ஸ் 711 போர்டு விநாடிக்கு 10 வாசிப்பில் வரும், அதை 80க்கு மாற்றும் பின்னை (pin) இணையுங்கள், இல்லாவிட்டால் முள்ளே பதிவாகாது. தொட்டியைக் காலி செய்து அதே ஓட்டத்தைக் காற்றில் ஒரு முறை ஓட்டிப் பதிவெடுத்து அதைக் கழித்துவிடுங்கள், வண்டியின் சொந்தக் குலுக்கல் போய்விடும்.

சிமுலேஷன் முதல் சில படிகளிலேயே வெடித்துவிடுகிறது

கூர்மையான விளிம்பில் ஆரம்ப வேகம் எல்லையில்லாமல் போகும், எந்த மெஷ்ஷும் (கணக்குக்காக நீரைச் சிறு செல்களாகப் பிரித்த வலை) அதைத் தாங்காது. வேகத்தைச் சட்டென்று கொடுக்காமல் சிறிது நேரத்தில் ஏற்றுங்கள், சோதனையில் அளந்த தூரம்–நேர வளைவையே கொடுத்தால் இன்னும் நல்லது. கிளம்பி 0.01 விநாடியில் தகட்டின் மேல் பரவிய அடுக்கின் தடிமன் 0.09 மி.மீ.தான், அதனால் விளிம்பருகே 0.02 மி.மீ. செல் வேண்டும், அந்தச் செல்லுக்கு நேரப்படி 0.3 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும். கூரன்ட் எண்ணை (ஒரு நேரப்படியில் நீர் எத்தனை செல் தாண்டுகிறது என்பதை) பார்த்துத் தானாகப் படியை மாற்றும் வசதி ஓப்பன்ஃபோம் என்ற சிமுலேஷன் மென்பொருளில் இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள்.

சிமுலேஷனில் சுழல் மங்கலான உருண்டை, தொட்டியில் பல சுற்றுச் சுருள்

இரண்டுமே சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். சிமுலேஷனில் நீங்கள் வரைந்தது வோர்டிசிட்டி (நீர் அந்தந்த இடத்தில் எவ்வளவு சுழல்கிறது என்ற அளவு), தொட்டியில் பார்த்தது சாயம். வோர்டிசிட்டி பாகுநிலையால் பரவுகிறது. சாயம் மூலக்கூறுப் பரவலால் மட்டும் பரவுகிறது, அது நீரில் ஆயிரம் மடங்குக்கு மேல் மெதுவானது. ஒரே நேரத்தில் வோர்டிசிட்டி பரவுகிற தூரம் சாயத்தைவிட 30, 40 மடங்கு. சுருளின் உள்சுற்றுகளில் வோர்டிசிட்டி எப்போதோ ஒன்றாகக் கலந்துவிட்டது, சாயம் மட்டும் பழைய கோட்டை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் "சுழலுக்கு ஐந்து சுற்று இருக்கிறது" என்று சாயத்தைப் பார்த்து அறிக்கையில் எழுதாதீர்கள்.

ஒப்பிட வேண்டுமென்றால் சிமுலேஷனிலும் சாயத்தையே விடுங்கள். எங்கே சாயம் தடவினீர்களோ அதே விளிம்பில் நிறையற்ற துகள்களைப் படிக்குப் படி விட்டுக்கொண்டே போய், எல்லாவற்றையும் கடைசியில் ஒரே படத்தில் வரையுங்கள். சுருள் வந்துவிடும். அதுவும் தொட்டிச் சுருளோடு பொருந்தவில்லை என்றால் மெஷ்ஷைச் சந்தேகப்படலாம். சுழலுக்கு அடியில் தகட்டின் பின்முகத்தில் எதிர்ச்சுழற்சியுள்ள மெல்லிய அடுக்கு ஒன்று தெரியும், அதைப் பிழை என்று நினைத்து மெஷ்ஷை மாற்றாதீர்கள், அது இருக்க வேண்டியதுதான்.

சிமுலேஷனில் அழுத்தம் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சரிந்து கிடக்கிறது

தகட்டை நிறுத்திவைத்து நீரை முடுக்கியிருக்கிறீர்கள். நீர் முழுவதையும் முடுக்க அழுத்தச் சரிவு வேண்டும், ஒரு மீட்டருக்கு 10 பாஸ்கல். சுழலால் வரும் அழுத்தம் 0.2 பாஸ்கல் அளவில்தான், அதனால் படத்தில் சரிவு மட்டுமே தெரியும். நேர்கோட்டுப் பகுதியைக் கழித்துவிட்டு வரையுங்கள். தகட்டின் மேல் வரும் விசையிலும் இந்தச் சரிவு சேரும், ஆனால் அது தகடு இடம்பிடித்த 15 கிராம் நீரின் அளவுக்குத்தான், 590 கிராமோடு ஒப்பிட்டால் இரண்டரை சதவீதம்.

தகடு நின்றதும் சுழல்கள் அதை முந்திக்கொண்டு போகின்றன

போகட்டும். தகடு நின்றாலும் சுழல் ஜோடிக்கு ஓட்டம் இருக்கிறது, அவை தகட்டின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் வரும், விளிம்பில் எதிர்ச்சுழற்சியுள்ள புதுச் சுழலையும் கிளப்பிவிடும். இது வேண்டாம் என்றால் தகடு நிற்பதற்கு முன்பே பதிவை முடித்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றால் நிறுத்தும் முடுக்கத்தையும் கிளப்பும் முடுக்கம் போலவே அளந்து எழுதி வையுங்கள், மோட்டார் நிரலில் போட்ட எண்ணை எழுதாதீர்கள், வீடியோவில் வந்ததை எழுதுங்கள்.